இரவல் போன பத்திரமும் ஈடாக வந்த பணமும்

பெரிய ஓய்வூதிய நிதியம் ஒன்றின் ஆண்டறிக்கையைப் புரட்டினால், ஈவுத்தொகை, வட்டி, வாடகை என்று நீளும் வருமானப் பட்டியலின் அடிப்பகுதியில், பத்திரங்களை இரவல் கொடுத்ததால் கிடைத்த வருமானம் என்று ஒரு சிறிய வரி இருக்கும். மொத்தச் சொத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டே இல்லை. பல நிதியங்களில் அது நூறு ரூபாய்க்கு ஒரு பைசா, இரண்டு பைசா என்ற அளவைத் தாண்டாது. உலகம் முழுவதிலும் உள்ள நிதியங்களைச் சேர்த்தால்தான் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி டாலர் என்று சொல்லிக்கொள்ளும்படியான தொகையாகிறது. வெளிநாட்டு வங்கிகளின் கணக்கு வேலைகளைச் சென்னையில் இருந்தபடியே பார்க்கும் ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன் என்பதால், அந்த ஒரு வரிக்குப் பின்னால் நாள்தோறும் நடப்பதை அருகிலிருந்து பார்க்க வாய்த்தது. இந்தத் தொழிலில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று வெளியாட்களிடம் கேட்டால், பங்கை வாங்கிப் போனவன் திருப்பித் தராவிட்டால் என்ன ஆகும் என்றுதான் பெரும்பாலும் திருப்பிக் கேட்பார்கள். அதற்கு இந்தத் தொழில் நல்ல விடை வைத்திருக்கிறது. ஈடாக வந்த பணத்தை என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்குத்தான் பலரிடம் விடை இருப்பதில்லை.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனத்தின் பங்கு விலை இறங்கும் என்று கருதும் ஹெட்ஜ் ஃபண்டு (பெரும் பணக்காரர்களின், நிறுவனங்களின் பணத்தைத் துணிந்து முதலீடு செய்யும் நிதி), தன்னிடம் இல்லாத அந்தப் பங்கை விற்க வேண்டுமானால், யாரிடமாவது இரவல் வாங்கியாக வேண்டும். விற்ற பங்கை உரிய நாளில் ஒப்படைக்க முடியாமல் தவிக்கும் தரகு நிறுவனத்துக்கும் அதே தேவை உண்டு. பல ஆண்டுகளுக்கு விற்கும் எண்ணமே இல்லாமல் பங்குகளை வைத்திருக்கும் ஓய்வூதிய நிதியங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், குறியீட்டு நிதிகள் ஆகியவைதான் இரவல் கொடுக்கத் தோதானவை. நிதியம் நேரடியாகச் சந்தையில் இறங்குவது அரிது. அதன் பத்திரங்களைக் காக்கும் கஸ்டோடியன் வங்கியே பெரும்பாலும் முகவராக நின்று இரவலை ஏற்பாடு செய்து, கிடைப்பதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இரவல் என்று சொன்னாலும் சட்டப்படி பங்கின் உடைமையே கைமாறுகிறது. ஆகவே வாக்குரிமையும் உடன் போய்விடும். இடையில் ஈவுத்தொகை வந்தால், அதற்குச் சமமான தொகையை வாங்கியவர் கொடுத்தவருக்குச் செலுத்திவிட வேண்டும்.

ஈடு இல்லாமல் பங்கு வெளியே போகாது. அமெரிக்க வழக்கப்படி, உள்நாட்டுப் பங்குக்கு அதன் மதிப்பில் 102 சதவீதமும், வேறு நாணயத்தில் உள்ள பங்குக்கு 105 சதவீதமும் ஈடு வாங்குகிறார்கள். ஒவ்வொரு நாளும் சந்தை மூடியதும் பங்குகளின் விலை மறுபடியும் கணக்கிடப்படும். விலை ஏறியிருந்தால் குறைகிற ஈட்டைக் கேட்டு மறுநாள் காலையில் எதிர்த்தரப்புக்குச் செய்தி போகும். ஒரே பங்குக்கு இரு தரப்பும் இரு வேறு விலையை எடுத்துக்கொண்டிருப்பது, பங்குப் பிரிப்பு நடந்தது ஒருவர் கணினியில் ஏறி மற்றவர் கணினியில் ஏறாமல் இருப்பது, நிதியம் விற்றுவிட்ட பங்கைத் திரும்ப அழைக்கும் செய்தி தாமதமாகப் போவது போன்ற தகராறுகளைத் தீர்ப்பதிலேயே எங்கள் பொழுதில் பெரும்பகுதி கழியும். அமெரிக்காவில் 2024 மே 28 முதல், வாங்கி விற்ற மறுநாளே கணக்குத் தீர்க்க வேண்டும் என்று ஆனபிறகு, திரும்ப அழைக்கும் செய்திக்கு இருந்த ஒரு நாள் அவகாசமும் போய்விட்டது. அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் இந்த அலுப்பூட்டும் வேலை ஒழுங்காக நடப்பதால்தான், வாங்கியவர் திவாலானாலும் கொடுத்தவர் தப்பிக்கிறார். 2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்தபோது, அதற்குப் பங்குகளை இரவல் கொடுத்திருந்த நிதியங்களில் பெரும்பாலானவை கையிலிருந்த ஈட்டைக் கொண்டு அதே பங்குகளைச் சந்தையில் வாங்கி, கணக்கை நேர்செய்துகொண்டன.

இனிப் பணத்தின் கதைக்கு வருவோம். ஐரோப்பாவில் ஈடாகப் பெரும்பாலும் அரசுப் பத்திரங்களையோ வேறு பங்குகளையோ வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவிலோ நெடுங்காலமாக ரொக்கமே ஈடு. ரொக்கம் சும்மா கிடக்க முடியாது, ஏனென்றால் அதைக் கொடுத்தவருக்கு வட்டி தர வேண்டும். அந்த வட்டியைவிடச் சற்று அதிகம் ஈட்டும் இடத்தில் பணத்தைப் போட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையே நிதியமும் முகவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒரு கணக்கைப் பாருங்கள்: 10 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை இரவல் கொடுத்து 10.2 கோடி டாலர் ரொக்கம் வாங்குகிறீர்கள். அதற்கு 4 சதவீதம் வட்டி கொடுத்து, 4.3 சதவீதம் கிடைக்கும் இடத்தில் போடுகிறீர்கள். ஆண்டு முழுவதற்கும் மிஞ்சுவது 3,06,000 டாலர். முகவருக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால், உங்கள் கைக்கு வருவது 2,44,800 டாலர். அந்தப் பணத்தைப் போட்ட இடத்தில் ஒரே ஒரு சதவீதம் இழப்பு ஏற்பட்டால் போவது 10,20,000 டாலர், அதாவது நான்கு ஆண்டு வருமானத்துக்கும் மேல். வருமானத்தில் பங்கு கேட்கும் முகவருக்கு இந்த இழப்பில் பங்கு இல்லை. இரவல் வாங்கியவர் ஏமாற்றினால் முகவர் ஈடுசெய்வார் என்று ஒப்பந்தத்தில் உறுதிமொழி இருக்கும். ரொக்கத்தை முதலீடு செய்ததில் வரும் இழப்பை அந்த உறுதிமொழி தொடுவதே இல்லை.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதை அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமான ஏஐஜி காட்டியது. 2008-இல் அந்த நிறுவனத்தைக் கவிழ்த்தது கடன் தவணை தவறினால் ஈடுதரும் ஸ்வாப் ஒப்பந்தங்கள்தான் என்றே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள், தம்மிடமிருந்த பத்திரங்களை இரவல் கொடுத்துத் திரட்டிய ரொக்கம் 2007-இல் 8,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அதில் பெரும்பகுதியை வீட்டுக் கடன்களைத் திரட்டிச் செய்த பத்திரங்களில் போட்டிருந்தார்கள். இரவல் வாங்கியவர்கள் சில நாள் முன்னறிவிப்பில் பத்திரத்தைத் திருப்பித் தந்து ரொக்கத்தைக் கேட்கலாம். வீட்டுக் கடன் பத்திரமோ விற்கப் போனால் வாங்க ஆளில்லை. பணம் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்க, புதியவர்களுக்கு இரவல் கொடுத்து அவர்களிடம் வாங்கும் ரொக்கத்தை எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கட்டத்தில் 102 சதவீதம் என்ற வழக்கத்தையும் விட்டு, அதைவிடக் குறைந்த ஈட்டுக்கும் பத்திரங்களைக் கொடுத்தார்கள். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி 2008 டிசம்பரில் மெய்டன் லேன் 2 என்ற தனி அமைப்பை ஏற்படுத்தி, 1,950 கோடி டாலர் கடன் கொடுத்து, அந்த வீட்டுக் கடன் பத்திரங்களை அவற்றின் முகமதிப்பில் ஏறத்தாழ பாதி விலைக்கு வாங்கிக்கொண்ட பிறகே இந்த ஓட்டை அடைபட்டது. மத்திய வங்கி அவசரப்படாமல் வைத்திருந்து 2012-இல் எல்லாவற்றையும் விற்றபோது அதற்கு 280 கோடி டாலர் லாபம் கிடைத்தது. பத்திரங்கள் முழுக்க வீணானவை அல்ல. வைத்திருந்து விற்க ஏஐஜிக்கு நாள் இல்லை.

ஏஐஜியைவிடச் சிறிய இன்னொரு வழக்கு எனக்கு அதிகம் உறுத்தலானது. வானொலி, தொலைக்காட்சிக் கலைஞர்களின் ஓய்வூதிய நிதியமான ஆஃப்ட்ராவும் வேறு சில நிதியங்களும் ஜேபி மோர்கனை முகவராக வைத்திருந்தன. இரவல் பங்குகளுக்கு ஈடாக வந்த ரொக்கத்தில் 50 கோடி டாலரை, 2007-இல் வங்கி சிக்மா என்ற நிறுவனத்தின் கடன் பத்திரங்களில் போட்டது. பின்னர் சிக்மா பணத்துக்குத் திண்டாடியபோது, அதே வங்கி ரெப்போ வழியாக, அதாவது பத்திரங்களை ஈடாக வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கும் ஒப்பந்தத்தின் மூலம், அதற்குக் கடன் கொடுத்து, அதன் சொத்துகளை ஈடாக எடுத்துக்கொண்டது. 2008 இலையுதிர்காலத்தில் சிக்மா விழுந்தபோது, ரெப்போ கொடுத்தவரிடம் ஈடு இருந்தது. வாடிக்கையாளர்களான நிதியங்களிடம் மதிப்பிழந்த கடன் பத்திரம் இருந்தது. வங்கியின் ஒரு கை வாடிக்கையாளருக்காகவும் மறு கை தனக்காகவும் வேலை செய்தது என்பதே வழக்குத் தொடுத்தவர்களின் வாதம். தவறை ஒப்புக்கொள்ளாமல் வங்கி 2012-இல் 15 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. வழக்கின் நியாயத்தை விட்டுவிடுவோம். அந்த 50 கோடியை எங்கே போடலாம் என்று தீர்மானிக்கும் விதிகளில் நிதியத்தின் அறங்காவலர்கள் எவ்வளவு நேரம் செலவிட்டிருப்பார்கள் என்பதே நான் கேட்க விரும்புவது. பங்கு முதலீட்டுக் கொள்கைக்குப் பத்துக் கூட்டம் போடும் குழுக்கள், ஈட்டு ரொக்கத்துக்கான விதிகளை முகவர் நீட்டிய படிவத்தில் கையெழுத்திட்டு முடித்துக்கொள்வது இந்தத் தொழிலில் அரிதான காட்சி அல்ல.

சூடு பட்டவர்கள் அதன்பிறகு இரண்டு விதமாக மாறினார்கள். சிலர் ஈட்டு ரொக்கத்தை ஓரிரவுக்கு மட்டும், அதுவும் அரசுப் பத்திரத்தை ஈடாக வைத்த ரெப்போவில் மட்டும் போடலாம் என்று விதியை இறுக்கினார்கள். வேறு சிலர், ரொக்கத்திலிருந்து லாபம் தேடுவதையே விட்டு, இரவல் வாங்கப் போட்டி இருக்கும் பங்குகளை மட்டும் நல்ல கட்டணத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். இரண்டாவது வழியையே நான் மதிக்கிறேன். எங்கும் கிடைக்கும் பெரிய நிறுவனப் பங்கை அற்பக் கட்டணத்துக்குக் கொடுப்பவர், பங்கை இரவல் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு உண்மையில் கடன் வாங்கி முதலீடு செய்துகொண்டிருக்கிறார். வருமானத்தைப் பங்கிடுவதிலும் வேறுபாடுகள் பெரியவை: ஐரோப்பாவில் உள்ள, பிளாக்ராக் நிறுவனம் நடத்தும் ஐஷேர்ஸ் இடிஎஃப்களில் (பங்குச் சந்தையில் பங்கைப் போல வாங்கி விற்கப்படும் நிதிகளில்) இரவல் வருமானத்தின் 62.5 சதவீதம் நிதிக்குச் சேருகிறது, மீதியை பிளாக்ராக் எடுத்துக்கொள்கிறது. இன்னொரு பெரிய நிதி நிறுவனமான வான்கார்டோ செலவு போக எல்லாவற்றையும் நிதிக்கே விடுகிறது.

வாக்குரிமைப் பிரச்சினையை உலகத்தின் கண்ணில் படும்படி எழுப்பியது ஜப்பானின் அரசு ஓய்வூதிய முதலீட்டு நிதியம். ஒன்றரை லட்சம் கோடி டாலர் அளவுக்குச் சொத்து வைத்திருந்த அந்த நிதியம், 2019 டிசம்பரில் வெளிநாட்டுப் பங்குகளை இரவல் கொடுப்பதை நிறுத்தியது. இரவல் கொடுத்த காலத்தில் பங்கின் உடைமை நம்மிடம் இல்லை, கடைசியில் அதை வாங்கிப் போகிறவர் யார், எதற்கு என்பதும் தெரிவதில்லை, இப்படியிருக்க நிறுவனங்களின் நீண்டகாலப் பொறுப்புள்ள உரிமையாளர் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது என்பது அதன் கேள்வி. அப்போது முதலீட்டுத் தலைவராக இருந்த ஹிரோமிச்சி மிசுனோ, இரவல் வாங்கிய பங்கை விற்று, விலை இறங்கியபின் வாங்கித் திருப்பித் தரும் ஷார்ட் செல்லிங்கின் மேல் தமக்கிருந்த ஐயத்தையும் மறைக்கவில்லை. ஷார்ட் விற்பனையாளர்களோடு ஓயாது சண்டையிட்டுக்கொண்டிருந்த இலான் மஸ்க் உடனே அதைப் பாராட்டினார். வாக்குரிமை பற்றிய வாதம் சரியானது. ஆனால் பொதுக்கூட்டத்துக்கு முன், யாருக்கு வாக்கு என்று தீர்மானிக்கும் பதிவு நாளைக் கணக்கிட்டுப் பங்குகளைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் நிதியங்கள் பல உள்ளன என்பதால், அதற்கு முழு நிறுத்தம்தான் ஒரே மருந்து என்று நான் நினைக்கவில்லை. ஷார்ட் விற்பனை பற்றிய வாதம் இன்னும் பலவீனமானது. ஏமாற்று நிறுவனங்களை முதலில் மோப்பம் பிடிப்பவர்கள் பல சமயம் ஷார்ட் விற்பனையாளர்கள்தான்.

ரெப்போ என்ற பெயரை ரிசர்வ் வங்கியின் வட்டி அறிவிப்பில் நாம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கேட்கிறோம். ஒப்பந்தத்தின் எலும்புக்கூடு மேலே சொன்னதுதான்: பத்திரம் ஒரு பக்கம் போகிறது, பணம் மறுபக்கம் வருகிறது, குறித்த நாளில் இரண்டும் திரும்புகின்றன. பங்கு வேண்டும் என்பவர் தேடி வந்தால் இரவல். பணம் வேண்டும் என்பவர் தேடி வந்தால் ரெப்போ. நகையின் மதிப்பில் முக்கால் பங்குக்கு மட்டும் பணம் தரும் அடகுக்கடைக்காரரைப் போல, ரெப்போவில் பணம் கொடுப்பவரும் பத்திரத்தின் மதிப்பில் கொஞ்சத்தைக் கழித்துக்கொண்டே கொடுப்பார். அதற்கு ஹேர்கட் என்று பெயர். இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்டுகள், குறிப்பாக லிக்விட் ஃபண்டுகள், பணம் கொடுக்கும் பக்கத்தில் நிற்கின்றன. 2018 நவம்பரில் தொடங்கிய ட்ரெப்ஸ் என்ற ரெப்போச் சந்தையில், நடுவில் கிளியரிங் கார்ப்பரேஷன் நின்று பொறுப்பேற்பதால், எதிரே இருப்பவர் யார் என்ற கவலையே அவற்றுக்கு இல்லை. பங்கை இரவல் கொடுக்கும் சந்தையும் 2008 ஏப்ரலிலிருந்து இங்கே உண்டு, ஆனால் மெலிந்தது; ஒரு மியூச்சுவல் ஃபண்டு திட்டம் தன் நிகரச் சொத்தில் குறிப்பிட்ட பங்குக்கு மேல் இரவல் கொடுக்கக் கூடாது என்று வரம்பு இருந்தாலும், நடைமுறையில் அந்த வரம்பின் பக்கத்தில்கூட யாரும் போவதாகத் தெரியவில்லை.

ரெப்போவில் பணம் வாங்கும் பக்கம் நிற்கும் நிறுவனங்களின் கதை வேறு. பிரிட்டனில், ஓய்வு பெற்றவருக்கு இவ்வளவு தருவோம் என்று உறுதி சொன்ன நிறுவன ஓய்வூதியத் திட்டங்கள், ஐம்பது ஆண்டுகள் வரை நீளும் கடமைகளைச் சுமக்கின்றன. வட்டி இறங்கினால் அந்தக் கடமைகளின் இன்றைய மதிப்பு ஏறும். அதை ஈடுகட்ட நீண்டகால அரசுப் பத்திரமான கில்ட்டை வாங்க வேண்டும். ஆனால் எல்லாப் பணத்தையும் கில்ட்டில் போட்டால், பற்றாக்குறையைச் சரிக்கட்டப் பங்குகளில் போட ஒன்றும் மிஞ்சாது. ஆகவே கையிலுள்ள கில்ட்டை ரெப்போவில் வைத்துப் பணம் எடுத்து, அந்தப் பணத்தில் மேலும் கில்ட் வாங்கினார்கள். எல்டிஐ (கடமைகளை ஒட்டிய முதலீடு) என்று அழைக்கப்படும் இந்த முறை, 2011-க்குப் பிந்தைய பத்தாண்டில் மும்மடங்குக்கு மேல் வளர்ந்தது.

இதில் ஒளிந்திருந்த கணக்கு இப்படி: ஒரு நிதியிடம் சொந்தப் பணம் 50 பவுண்டு, ரெப்போக் கடன் 100 பவுண்டு, ஆக 150 பவுண்டுக்குக் கில்ட் இருக்கிறது. கில்ட் விலை 20 சதவீதம் விழுந்தால் கையில் 120 பவுண்டு. கடன் அதே 100. சொந்தப் பணம் 20 பவுண்டாகச் சுருங்கி, சொந்தப் பணத்தைப்போல் மூன்று மடங்காக இருந்த கில்ட் ஆறு மடங்காகிவிடும். முப்பது ஆண்டுக் கில்ட்டின் வட்டி ஒரு சதவீதப் புள்ளி ஏறினாலே விலை ஏறக்குறைய அந்த அளவுக்கு விழும். அவ்வளவு ஏற்றம் வர நெடுநாள் ஆகும் என்றே பலரும் கணக்கிட்டிருந்தார்கள். 2022 செப்டம்பர் 23 அன்று நிதியமைச்சர் குவாசி குவார்டெங், 4,500 கோடி பவுண்டு வரிக் குறைப்பை, அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லாமல் அறிவித்ததும், அது சில நாட்களிலேயே நடந்துவிட்டது. முப்பது ஆண்டுக் கில்ட்டின் வட்டி 5 சதவீதத்தைத் தொட்டது. கடன் கொடுத்த வங்கிகள் கூடுதல் ஈடு கேட்டன. ஈடு திரட்ட நிதிகள் கில்ட்டை விற்றன. விற்றதால் விலை மேலும் விழுந்தது. விழுந்ததால் மேலும் ஈடு கேட்கப்பட்டது. பல சிறிய ஓய்வூதியத் திட்டங்கள் கூட்டாகப் பணம் போட்டிருந்த பொது நிதிகள்தான் அதிகம் திணறின. ஒவ்வொரு திட்டத்துக்கும் கடிதம் எழுதி, அறங்காவலர்கள் கூடி, பங்கையோ வேறு சொத்தையோ விற்றுப் பணம் அனுப்ப அவர்களுக்கு வாரக்கணக்கில் ஆகும். வங்கி கேட்டதோ அன்றைய பொழுதுக்குள்.

செப்டம்பர் 28 அன்று இங்கிலாந்து வங்கி, நாளொன்றுக்கு 500 கோடி பவுண்டு வரை நீண்டகாலக் கில்ட்டுகளை வாங்கப் போவதாக அறிவித்ததும், அன்றே வட்டி ஒரு சதவீதப் புள்ளிக்கும் மேல் இறங்கியது. அறிவிப்பின்படி 6,500 கோடி வரை வாங்கியிருக்கலாம். அக்டோபர் 14 அன்று முடித்தபோது வாங்கியது 1,930 கோடி பவுண்டு மட்டுமே. இந்த அமளியில் அந்த ஓய்வூதியத் திட்டங்கள் ஏழையாகிவிடவில்லை. வட்டி ஏறியதால் அவற்றின் கடமைகள் சொத்துகளைவிட வேகமாகச் சுருங்கி, பெரும்பாலானவற்றின் நிதிநிலை முன்பைவிட நன்றாகவே ஆனது. நிலைமை தேறிக்கொண்டிருந்த அதே வாரத்தில், கையில் ரொக்கம் இல்லாததால் விழப் பார்த்தன. ஏஐஜியில் ரொக்கம் வந்து, விற்க முடியாத இடத்தில் முடங்கியது. இங்கே ரொக்கம் வெளியே கேட்கப்பட்டது, நல்ல சொத்தும் விற்க நேரமின்றி முடங்கியது.

பின்னர் பிரிட்டன் ஓய்வூதிய ஒழுங்குமுறை அமைப்பு, வட்டி 2.5 சதவீதப் புள்ளி ஏறினாலும் தாங்கும் அளவுக்குக் கையிருப்பு வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது. இது ஆபத்தைக் குறைக்கும். கடன் வாங்கி முதலீடு செய்வதன் பயனையும் கணிசமாகக் குறைக்கும், அந்த விலையைக் கொடுப்பது நியாயமே. கனடாவின் பெரிய ஓய்வூதிய நிதியங்களும் ரெப்போவில் ஏராளமாகக் கடன் வாங்குகின்றன. ஆனால் அவற்றில் சில, தம் பெயரிலேயே நீண்டகாலக் கடன் பத்திரங்களையும் வெளியிட்டு, எல்லாக் கடனும் ஒரே வாரத்தில் திரும்பக் கேட்கப்படும் நிலையைத் தவிர்க்கின்றன. அவற்றுக்குத் தனிக் கருவூலப் பிரிவும், நாள்தோறும் ரொக்க நிலையைப் பார்க்கும் ஆட்களும் உண்டு. பிரிட்டனின் சிறிய திட்டங்களிடம் இருந்தது காலாண்டுக்கு ஒருமுறை கூடும் அறங்காவலர் குழுவும் ஓர் ஆலோசகரும். ஒரே ரெப்போ ஒப்பந்தம் இவ்விருவர் கையிலும் ஒரே பொருளாக இருக்க முடியாது.

2025 ஜனவரியில் இங்கிலாந்து வங்கி புதிய ரெப்போ வசதி ஒன்றைத் திறந்தது. கில்ட் சந்தை நிலைகுலையும்போது, காப்பீட்டு நிறுவனங்களும் ஓய்வூதியத் திட்டங்களும் எல்டிஐ நிதிகளும் கில்ட்டை விற்காமல், மத்திய வங்கியிடமே ஈடாக வைத்து நேரடியாகப் பணம் பெறலாம். வாடிக்கையாக வங்கிகளோடு மட்டுமே பேசும் ஒரு மத்திய வங்கி ஓய்வூதிய நிதியங்களுக்கும் கதவைத் திறந்தது சிறிய மாற்றம் அல்ல. ஆனால் நெருக்கடி நாளில் போய்த் தட்டினால் திறக்கும் கதவு அல்ல அது; முன்கூட்டியே விண்ணப்பித்து, ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டு, கில்ட்டுகளை அனுப்பும் கணக்கு வழியைச் சரிபார்த்து வைத்திருப்பவர்களுக்கே அது திறக்கும்.